டார்வின் கடிதத் திட்டம்: வீட்டுச் செய்தியும் ஆய்வுப் பணமும் ஒரே தாளில்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இயங்கிவந்த டார்வின் கடிதத் திட்டம், சார்லஸ் டார்வின் எழுதியவையும் அவருக்கு வந்தவையுமாக 15,000க்கும் மேற்பட்ட கடிதங்களை, முழு வாசகத்தோடும் அடிக்குறிப்புகளோடும் இணையத்தில் வைத்திருக்கிறது. படிப்பதற்குக் கட்டணம் கிடையாது. பெயரைப் பதிந்துகொள்ளச் சொல்வதும் கிடையாது. பரிணாமக் கொள்கை எப்படி உருவாயிற்று என்று தேடி அங்கே போகிறவர்களுக்கு வழி சொல்ல ஏற்கெனவே பலர் இருக்கிறார்கள். இந்த மதிப்புரை வேறொரு வகை வாசகருக்காக எழுதப்படுகிறது. அறிவியல் ஆய்வைத் தொழிலாகக் கொண்ட ஒருவர், ஆய்வுக்கான பணம் எங்கிருந்து வருகிறது, எப்போது தீர்ந்துபோகும் என்ற கவலையைத் தன் வீட்டாரிடம் எப்படிச் சொன்னார் என்று தெரிந்துகொள்ள விரும்பும் வாசகருக்கு, எனக்குத் தெரிந்த வரையில் இதைவிட நல்ல இடம் வேறில்லை. அதே சமயம், அந்த நோக்கத்தோடு உள்ளே நுழைபவருக்கு இந்தத் தளம் தானாக முன்வந்து செய்யும் உதவி குறைவு என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

இந்தத் திட்டத்தை 1974இல் தொடங்கியவர்கள் அமெரிக்க மெய்யியல் அறிஞர் ஃபிரெடரிக் பர்க்ஹார்ட்டும் விலங்கியலாளர் சிட்னி ஸ்மித்தும் ஆவர். முதல் அச்சுத் தொகுதி 1985இல் வெளிவந்தது. 30 தொகுதிகளில் பணி நிறைவு பெற்றது. 2022இல் எல்லாக் கடிதங்களும் இணையத்துக்கு வந்து சேர்ந்தன. ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீண்ட இந்தப் பணி, இடைவிடாமல் மானியம் கேட்டுக் கேட்டே நடந்திருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. கடைசித் தொகுதிவரை போய்ச் சேர முடியுமா என்ற ஐயம் 2010 வாக்கில்தான் நீங்கியது. சில அறக்கட்டளைகள் சேர்ந்து 50 லட்சம் பவுண்டு கொடுத்த பிறகே முடிவுத் தேதியை உறுதியாகக் குறிக்க முடிந்தது. ஆய்வுப் பணத்துக்காகக் கவலைப்பட்ட ஒருவரின் கடிதங்களைப் பதிப்பித்தவர்களும் அதே கவலையோடுதான் வேலை செய்தார்கள். அடிக்குறிப்புகளில் பண விவகாரங்கள் இவ்வளவு அக்கறையோடு விளக்கப்பட்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்பது என் ஊகம்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், 1831 ஆகஸ்ட் 31ஆம் தேதியிட்ட இரண்டு கடிதங்களைச் சொல்வேன். கடற்படையின் அளவைக் கப்பலான பீகிளில் உலகைச் சுற்றிவரும் வாய்ப்பு வந்தபோது டார்வினுக்கு வயது 22. படிப்பு முடிந்து, பாதிரியாராகப் போகிறார் என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த நேரம். தந்தை ராபர்ட் டார்வின் ஷ்ரூஸ்பரியில் பேர்பெற்ற மருத்துவர், வசதியானவர், பணத்தைக் கடனுக்கும் முதலீட்டுக்கும் விட்டுப் பெருக்கத் தெரிந்தவர். பயணத்துக்கு அவர் சம்மதிக்கவில்லை. டார்வின் தாய்மாமன் இரண்டாம் ஜோசையா வெட்ஜ்வுட்டின் ஊருக்குப் போய், அங்கிருந்து தந்தைக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். தந்தை சொன்ன மறுப்புகள் எட்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பட்டியலிட்டு அதனுடன் வைக்கிறார். பாதிரியாராகப் போகிறவனுக்கு இது அழகல்ல, தலைகால் புரியாத திட்டம், இதற்கு முன் வேறு பலரிடம் கேட்டு அவர்கள் மறுத்திருப்பார்கள், அப்படி மறுத்ததற்குக் கப்பலில் ஏதோ கோளாறு இருக்கும், இதற்குப் பிறகு ஓரிடத்தில் நிலைத்து உட்கார மாட்டாய், கடைசியாக, இதனால் ஒரு பயனும் இல்லை என்று போகிறது அந்தப் பட்டியல். மாமன் அதே நாளில் தன் மைத்துனருக்கு எழுதிய தனிக் கடிதத்தில் எட்டு மறுப்புகளுக்கும் வரிசை மாறாமல் விடை சொல்கிறார்.

இந்த இரண்டையும் அடுத்தடுத்துத் திறந்து படிக்கும்போதுதான் இந்தத் தளத்தின் அருமை தெரியும். ஆய்வு முன்மொழிவுக்கு வந்த மறுப்புரைகளும் அவற்றுக்கான பதிலுரையும் என்று நாம் இன்று அழைப்பவை அங்கே மாமன் மச்சான் பேச்சாக நடக்கின்றன. வேறுபாடு என்னவென்றால், பணம் கொடுக்கிறவர் அப்பா. பரிந்துரைக் கடிதம் எழுதுகிறவர் தாய்மாமன். அந்த மாமன் மகள் எம்மாவைத்தான் டார்வின் 1839 ஜனவரியில் மணந்துகொண்டார் என்பதைச் சொன்னால், முறைப்பெண் என்ற உறவை விளக்க வேண்டிய அவசியம் இல்லாத நம் வாசகர்கள் மேல்நாட்டு வாசகரைவிட விரைவாக இந்தக் குடும்பத்துக்குள் போய்விடுவார்கள்.

பீகிள் பயணக் கடிதங்கள் பெரும்பாலும் கரோலின், சூசன், கேத்தரின் ஆகிய மூன்று சகோதரிகளுக்கும் எழுதப்பட்டவை. அவர்கள் அங்கிருந்து எழுதுபவை ஊர்ச்செய்திகள்: யாருக்கு நிச்சயமாயிற்று, யாருக்குக் கல்யாணம், யார் இறந்துபோனார். டார்வினுக்கு நெருக்கமாக இருந்த ஃபேனி ஓவன் என்ற பெண்ணுக்கு வேறொருவருடன் திருமணம் நிச்சயமான செய்தி 1832 ஏப்ரலில் ரியோ டி ஜெனிரோ துறைமுகத்தில் இப்படித்தான் அவர் கைக்கு வந்தது. டார்வின் பதிலுக்கு எழுதுபவற்றில் காடும் பறவையும் பாறையும் வருகின்றன. நடுநடுவே அப்பாவுக்குச் சொல்லும்படி பணக்கணக்கும் வருகிறது. அப்பாவின் பேரில் உண்டியல் (அவர் கணக்கில் பணம் தரச் சொல்லும் சீட்டு) எழுதிப் பணம் பெறும் ஒவ்வொரு முறையும், ஏன் வேண்டியிருந்தது என்று சகோதரிகள் வழியாகச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கிறது. பணம் கேட்கும் பேச்சை நேரே தந்தையிடம் வைக்காமல் அக்காதங்கைகள் காதில் போட்டு வைக்கும் வழக்கம் எந்த ஊருக்கும் பொதுவானது போலும்.

அவற்றுள் 1833 மே மாதம் தொடங்கி ஜூலைவரை விட்டுவிட்டுக் கேத்தரினுக்கு எழுதிய கடிதத்தை நான் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன். நடுவில் ஓரிடத்தில், இனி வருவது அப்பாவுக்கான காரியப் பேச்சு என்று சொல்லிவிட்டு டார்வின் தன் கோரிக்கையை வைக்கிறார். கப்பலின் தலைவர் தனக்கு உதவியாக ஒரு மாலுமியை ஒதுக்கியிருக்கிறார். கப்பல் வேலைக்கு இருக்கும் ஆளை இப்படிப் பிரித்தெடுப்பது நியாயமாகத் தோன்றவில்லை. அந்த ஆள் தன்னிடமே சம்பளத்துக்கு வரத் தயாராக இருக்கிறான். எல்லாச் செலவும் சேர்ந்து ஆண்டுக்கு 60 பவுண்டுக்குள் அடங்கும். பறவைகளைச் சுடவும் தோலுரித்துப் பதப்படுத்தவும் அவனுக்குத் தானே கற்றுக்கொடுத்திருப்பதால் முக்கிய வேலைக்கு அவன் பயன்படுவான். இங்கிலாந்தை விட்டு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டாகியும் தன் செலவு ஆண்டுக்கு 200 பவுண்டைத் தாண்டவில்லை. இவ்வளவும் சொன்ன பிறகு, அனுமதி கேட்டு எழுதிப் பதில் வரும்வரை காத்திருப்பது நடக்காத காரியம் என்பதால், அப்பா இதற்கு இசைவார் என்று தானே முடிவு செய்துகொண்டதாக முடிக்கிறார்.

ஆய்வுத் திட்டத்தில் உதவியாளர் பணியிடம் கேட்டு விண்ணப்பம் எழுதியவர்கள் இந்தப் பத்தியின் கட்டுமானத்தை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்: தேவை, தகுதி, மதிப்பீட்டுச் செலவு, இதுவரை சிக்கனமாக இருந்ததற்கான சான்று, கடைசியில் ஒப்புதல் வருமுன்பே தொடங்கிவிட்ட வேலை. அந்த ஆள் சிம்ஸ் கவிங்டன். அவர் பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவில் குடியேறி, அங்கிருந்து டார்வினின் ஆய்வுக்குக் கொட்டலசுகளை, அதாவது பாறையிலும் கப்பலடியிலும் ஒட்டிவாழும் ஓட்டுடைய கடல் உயிரிகளைச் சேகரித்து அனுப்பியவர் என்பதை இதே தளத்தில் அவருடைய பெயரைத் தேடித் தெரிந்துகொள்ளலாம். ஒரு கடிதத்தில் செலவுக் கணக்காக வரும் மனிதர் இன்னொரு கடிதத்தில் நலம் விசாரிக்கப்படுபவராக வருவதைப் பெயர்வழித் தேடல் எளிதில் காட்டிக்கொடுக்கிறது.

வீட்டார் பணத்தில் ஓடுகிறவரின் நிலைமைக்கும் அரசாங்கப் பணத்தை நம்புகிறவரின் நிலைமைக்கும் உள்ள தூரம் 1834 நவம்பரில் வால்பரைசோவிலிருந்து கேத்தரினுக்கு எழுதிய கடிதத்தில் தெரிகிறது. கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய், அளவைப் பணி விரைவாக முடிய வேண்டும் என்று தன் கைக்காசு ஏறத்தாழ 1300 பவுண்டு போட்டு 1833இல் ஒரு துணைக்கப்பல் வாங்கியிருந்தார். கடற்படைத் தலைமை அந்தச் செலவை ஏற்க மறுத்துவிட்டது. கப்பலை விற்க வேண்டி வந்தது. மனமுடைந்து உடல் மெலிந்த ஃபிட்ஸ்ராய் தலைமைப் பொறுப்பையே துறக்கப் போனார். அவருடைய அரசியல் சார்புதான் மறுப்புக்குக் காரணம் என்று டார்வின் தங்கையிடம் பொருமுகிறார். மேலதிகாரிகளின் ஒப்புதல் வரும் என்று நம்பிச் சொந்தப் பணத்தைப் போட்டுவிட்டுப் பின்னால் அலைந்த ஆய்வாளர்களை நம் கல்விக்கூடங்களிலும் காணலாம். அவர்களுக்கு இந்தக் கடிதத்தைப் படிக்கக் கொடுத்தால் ஆறுதல் கிடைக்குமா, ஆத்திரம் கூடுமா என்று சொல்வதற்கில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலில், ஆண்டிஸ் மலையைக் கடந்து திரும்பிய டார்வின், பயணம் மிகுந்த செலவு வைத்துவிட்டது என்றும், தான் அடைந்த மகிழ்ச்சியை அறிந்தால் அப்பா அதற்காக வருந்தமாட்டார் என்றும் சூசனுக்கு எழுதுகிறார். அவர் செலவழித்ததும் கணக்குக் காட்ட வேண்டியதே. ஆனால் கணக்குக் கேட்பவர் தந்தை.

பதிப்பின் தரத்தைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓர் எண், அனுப்பியவர், பெற்றவர், தேதி, ஓரிரு வரிச் சுருக்கம், முழு வாசகம், அடிக்குறிப்பு என்று ஒரே ஒழுங்கு பின்பற்றப்படுகிறது. கடிதத்தில் இல்லாமல் பதிப்பாசிரியர்கள் கணித்துச் சேர்த்த தேதி சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும். டார்வின் பல கடிதங்களில் நாளையும் மாதத்தையும் மட்டும் போட்டுவிட்டு ஆண்டை விட்டுவிடும் பழக்கம் உடையவர் என்பதால், அந்தக் குறிக்குள் இருக்கும் ஆண்டுக்குப் பின்னால் தாளின் நீர்க்குறி, அஞ்சல் முத்திரை, கடிதத்தில் வரும் குழந்தையின் வயது என்று பலவற்றையும் பார்த்துச் செய்த துப்பறிதல் இருக்கும். எழுத்துப்பிழைகளைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். தம்பியின் பிழைகளைப் பொறுக்கி எடுத்துப் பட்டியலிட்டு அனுப்பிய சூசனின் கடிதமும் தொகுப்பில் இருப்பதால், அவற்றைத் திருத்தியிருந்தால் அக்காவின் கண்டிப்பு எதைப் பற்றியது என்றே விளங்காமல் போயிருக்கும்.

திருத்தாமல் விட்டதில் தேடுகிறவருக்கு ஒரு சங்கடமும் உண்டு. செலவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை இன்றைய முறைப்படி எஸ் என்ற எழுத்தைப் போட்டுத் தேடினால் மேலே சொன்ன 1833 கடிதத்தின் வாசகம் பிடிபடாது. டார்வின் அதில் சி போட்டு எழுதியிருக்கிறார். பணம் என்ற பொதுச்சொல்லைக் கொடுத்தால் புத்தக விற்பனை, ஏழை நிதி, மகன்களின் பள்ளிச்செலவு எல்லாம் ஒன்றாக வந்து குவிகின்றன. பரிணாமம், மதம், பெண்கள், தாவரவியல் என்று பொருள்வாரிக் கட்டுரைகளும் பள்ளி மாணவர்களுக்கான பாடக் குறிப்புகளும் நிறைய உள்ள தளத்தில், ஆய்வுச் செலவு என்ற இழையைத் தொடர விரும்புகிறவர் தன் வழியைத் தானே வெட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆட்பெயரையும் காலத்தையும் கொண்டு தேடுவது மட்டுமே நம்பத்தக்க வழி. அந்த வகைத் தேடல் மிக நன்றாக வேலை செய்கிறது. இலங்கைப் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் தலைவர் துவெய்ட்ஸுக்கும் டார்வினுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தைத் திரட்ட எனக்கு ஒரு தேடலே போதுமாயிருந்தது. கைபேசியில் படிப்பவர்களுக்கு இன்னொரு சிரமம்: நீண்ட கடிதங்களில் அடிக்குறிப்புக்கும் வாசகத்துக்கும் இடையே போய்வருவது கண்ணுக்கும் விரலுக்கும் ஒருசேர வேலை வைக்கும்.

1836 அக்டோபரில் ஊர் திரும்பிய டார்வின், கொண்டுவந்த விலங்கு மாதிரிகளைப் படங்களோடு நூலாக்க வேண்டும் என்று விரும்பினார். படங்களுக்கு ஆகும் செலவை எந்தப் பதிப்பாளரும் தாங்கமாட்டார். கேம்பிரிட்ஜில் தனக்கு வழிகாட்டிய தாவரவியல் பேராசிரியர் ஹென்ஸ்லோ முதலானோரின் துணையோடு அரசாங்கத்தை அணுகினார். 1837 ஆகஸ்டில், நிதியமைச்சர் தாமஸ் ஸ்பிரிங் ரைஸின் காலத்தில், கருவூலம் 1000 பவுண்டு ஒதுக்கியது. ஹென்ஸ்லோவுக்கும், தந்தையின் ஒன்றுவிட்ட சகோதரி மகனான வில்லியம் டார்வின் ஃபாக்ஸுக்கும் அந்த ஆண்டு எழுதிய கடிதங்களில் இந்த விவகாரத்தைத் தொடர்ந்து படிக்கலாம். ஓவன், வாட்டர்ஹவுஸ், கூல்ட், ஜெனின்ஸ், பெல் ஆகிய ஐவர் ஆளுக்கொரு பகுதியாக எழுத, 1838 முதல் 1843 வரை 19 இதழ்களாக அந்த விலங்கியல் நூல் வெளிவந்தது. அதோடு தன் நிலவியல் நூல்களையும் அதே பணத்தின் துணையில் வெளியிட்டுவிடலாம் என்று டார்வின் கணக்குப் போட்டிருந்தார்.

அந்தக் கணக்கு பொய்த்த இடம் 1842 மே மாதம் மனைவி எம்மாவுக்கு எழுதிய கடிதம். இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு கடிதத்தைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். எம்மா வெளியூரில், டார்வின் லண்டனில் தனியே இருந்து பவளப்பாறைகளைப் பற்றிய நூலை முடித்துக்கொண்டிருக்கிறார். பதிப்பகத்தாரோடு உட்கார்ந்து பேசியதில் அரசாங்கப் பணம் நினைத்ததைவிட வேகமாகக் கரைந்துவிட்டது தெரியவருகிறது. பவளப்பாறை நூலுக்கு மட்டும் 130 முதல் 140 பவுண்டுவரை ஆகும்போல் இருக்கிறது. மீதியுள்ள நூல்களை எப்படி வெளியிடுவது என்றே தெரியவில்லை, நம் முதலீட்டிலிருந்து 200 அல்லது 300 பவுண்டு எடுத்தால் ஒழிய வழியில்லை, அதற்கு நீ என்ன சொல்வாய் என்று மனைவியைக் கேட்கிறார். கேட்ட கையோடு வயிறு சரியில்லை, மனம் சோர்ந்து கிடக்கிறது, நாளுக்கு நாள் கிழவனாகிக்கொண்டு வருகிறேன் என்று புலம்புகிறார். அப்போது அவருக்கு வயது 33.

வயிற்றுவலியும் மானியம் தீர்ந்த செய்தியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் அந்த வரிகளைப் பிற்காலத்தில் எழுதப்படும் வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் பிரித்துவிடுகின்றன. உடல்நலம் ஓர் அத்தியாயத்துக்கும் நூல் வெளியீடு இன்னோர் அத்தியாயத்துக்கும் போய்விடும். முழு வாசகமும் கண்முன் இருக்கும்போதுதான், ஆய்வுக்காகக் கைவைக்கப் போவது இரண்டு சிறு குழந்தைகள் உள்ள வீட்டின் சேமிப்பில் என்பதும், அதற்கு மனைவியின் சம்மதம் தேவை என்று கணவர் உணர்ந்திருக்கிறார் என்பதும் சேர்ந்து தெரிகின்றன. அந்தச் சேமிப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கும் தொகுப்பிலேயே விடை இருக்கிறது. 1838 நவம்பரில் நிச்சயம் ஆனவுடன் மாமன் ஜோசையா, மகளுக்கு 5000 பவுண்டுக்குப் பத்திரமும் ஆண்டுக்கு 400 பவுண்டும் தருவதாகச் சம்பந்தியாகப் போகும் மைத்துனருக்கு எழுதினார். ராபர்ட் டார்வின் தன் மகனுக்கு 10,000 பவுண்டு ஒதுக்கினார். அறிவியல் வரலாற்றில் முக்கியமான ஆய்வு ஒன்று பெண் வீட்டுச் சீரையும் மாப்பிள்ளை வீட்டுச் சொத்தையும் கொண்டு நடந்தது என்று சொன்னால் அதில் மிகை ஒன்றும் இல்லை. பவளப்பாறை நூலுக்குப் பிறகு எரிமலைத் தீவுகளைப் பற்றியது 1844இலும், தென் அமெரிக்க நிலவியல் 1846இலும் வெளிவந்துவிட்டன.

பணத்தைப் பற்றிய பேச்சே எழாத கடிதங்களும் உண்டு. 1851 ஏப்ரலில் மால்வெர்ன் ஊரில் பத்து வயது மகள் ஆனி நோயில் கிடந்தபோது, நிறைமாதக் கர்ப்பிணியாக வீட்டில் இருந்த எம்மாவுக்கு டார்வின் நாள்தோறும் எழுதியவையும் எம்மா பதிலுக்கு எழுதியவையும் அப்படிப்பட்டவை. பதிப்பாசிரியர்கள் அங்கே மருந்து, மருத்துவர், உடனிருந்த உறவினர் யார் யார் என்பதற்கு மட்டும் குறிப்பெழுதி, உணர்ச்சிக்கு உரை எழுதாமல் ஒதுங்கி நின்றிருக்கிறார்கள். அந்த அடக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஃபாக்ஸுக்கு எழுதியவை வேறு வகை. இருவரும் கேம்பிரிட்ஜில் ஒன்றாக வண்டு பிடித்துத் திரிந்தவர்கள். இருவருக்கும் பிள்ளைகள் நிறைய. எனவே ஒவ்வொரு கடிதமும் பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சரிபார்ப்பதிலிருந்து தொடங்குவது போல இருக்கும். 1852 அக்டோபரில் எழுதிய கடிதத்தில் டார்வின் தன்னைப் பயமுறுத்தும் பூச்சாண்டிகள் மூன்று என்கிறார். கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தோண்டியெடுக்கப்படும் தங்கம், அடமானத்தில் போட்டிருக்கும் தன் பணத்தின் மதிப்பை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும் என்பது ஒன்று. பிரெஞ்சுப் படை வந்து தன் ஊரைச் சூழ்ந்துகொள்ளும் என்பது இன்னொன்று. மகன்களுக்கு என்ன தொழில் அமையப் போகிறது என்பது மூன்றாவது. கொட்டலசு ஆய்வின் இரண்டாம் தொகுதியில் மூழ்கியிருந்த அவர், மெதுவாகப் போகும் கப்பலில் உள்ள மாலுமிகூட வெறுக்காத அளவுக்கு அந்தப் பிராணியைத் தான் வெறுப்பதாக அதே கடிதத்தில் எழுதுகிறார். எட்டாண்டு நீண்ட ஆய்வின் நடுவே உறவினரிடம் மட்டும் சொல்லக்கூடிய சலிப்பு அது. சக அறிஞர்களுக்கு எழுதிய கடிதங்களில் அவர் இவ்வளவு தாராளமாகப் புலம்புவதில்லை என்பது என் வாசிப்பு. சம்பளம் வாங்காத ஆய்வாளருக்குத் தங்கத்தின் விலை ஏன் ஆய்வுக் கவலை ஆகிறது என்பதற்கு இந்தக் கடிதம் போதிய விளக்கம்.

தளத்தில் எனக்குள்ள பெரிய குறை இந்த இடத்தில்தான் வருகிறது. பவுண்டுக் கணக்குகள் கடிதத்துக்குக் கடிதம் வருகின்றன. ஆனால் 60 பவுண்டு என்பது ஓர் உதவியாளருக்குத் தாராளமான கூலியா, 300 பவுண்டு என்பது ஒரு வீட்டின் எத்தனை மாதச் செலவு என்று புரியவைக்கும் பொதுவான விளக்கப் பக்கம் எதுவும் என் கண்ணில் படவில்லை. டார்வினும் எம்மாவும் ஆண்டாண்டாக எழுதிவைத்த வரவுசெலவுப் புத்தகங்கள் இந்தத் தொகுப்பின் எல்லைக்குள் வருவதில்லை; அடிக்குறிப்புகள் வேண்டிய இடத்தில் அவற்றைச் சுட்டுவதோடு நின்றுவிடுகின்றன. கடிதத்தையும் கணக்கேட்டையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்திருந்தால், இந்தச் சேவை அறிவியல் ஆய்வின் பொருளாதார வரலாற்றுக்கே முதன்மைச் சான்றாகியிருக்கும். இருப்பதை வைத்துப் பார்த்தாலும் குறை சொல்லும் அளவுக்குக் குறைவில்லை என்பது வேறு விஷயம்.

முதுமையில் நிலைமை தலைகீழாகிறது. பணம் கேட்டவர் இப்போது பணம் கொடுப்பவராகவும் பிறருக்காகப் பணம் திரட்டுபவராகவும் மாறுகிறார். 1873இல் நோயுற்ற உயிரியலாளர் ஹக்ஸ்லி ஓய்வெடுக்கட்டும் என்று நண்பர்கள் 18 பேரிடம் 2100 பவுண்டு சேர்த்துக் கொடுத்தார். ஆனால் நம் பொருளுக்கு நெருக்கமானது உருளைக்கிழங்கு விவகாரம். 1840களில் அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளிய கருகல் நோயைத் தாங்கும் உருளைக்கிழங்கு வகைகளை உருவாக்க, பெல்ஃபாஸ்ட் நகர வணிகர் ஜேம்ஸ் டார்பிட் விதைகளிலிருந்து செடிகளை வளர்த்து, நோய்க்குத் தப்பியவற்றை ஒன்றோடொன்று கலந்து, தன் சொந்தப் பணத்தைச் செலவழித்துவந்தார். டார்வினுக்கு அந்த முறையில் நம்பிக்கை இருந்தது. 1878இல் அரசு உதவி கிடைக்குமா என்று அவர் கேட்டு எழுதியது வணிக வாரியத்தின் நிரந்தரச் செயலர் தாமஸ் ஃபாரருக்கு. ஃபாரர் எம்மாவின் சகோதரர் மகளை இரண்டாம் தாரமாக மணந்தவர். 1880 ஜனவரியில் அவருடைய மகள் ஐடா டார்வினின் மகன் ஹொரஸை மணந்ததால் சம்பந்தியும் ஆனார். அந்தத் திருமணத்தில் ஃபாரருக்கு முதலில் அவ்வளவு விருப்பம் இல்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், உருளைக்கிழங்குக் கடிதங்களின் மரியாதை நிறைந்த நடைக்குக் கூடுதல் சுவை சேர்கிறது.

அரசுப் பணம் கிடைக்கவில்லை. டார்வின் தன் பங்காக 100 பவுண்டு கொடுத்தார். ஃபாரரும் வேளாண் வல்லுநர் ஜேம்ஸ் கேர்டும் தங்களுக்குத் தெரிந்தவர்களிடம் சொல்லி மேலும் திரட்டினார்கள். இதைத் தளத்தில் தொடர்ந்து படிக்க, டார்பிட், ஃபாரர், கேர்ட் என்ற மூன்று பெயர்களையும் 1876 முதல் 1882 வரையான காலவரம்போடு தனித்தனியே தேடி, கிடைப்பவற்றைத் தேதி வரிசையில் நாமே அடுக்கிக்கொள்ள வேண்டும். அப்படி அடுக்கியபின், ஓர் ஆய்வுக்கு அரசு ஏன் மறுக்கிறது, அதிகாரியான உறவினர் எவ்வளவு தூரம் உதவ முடிகிறது, எந்த இடத்தில் கையை விரிக்கிறார், தனியார் நன்கொடை எத்தனை பருவம் தாங்குகிறது என்பவற்றையெல்லாம் ஒரு பாடநூலும் தராத தெளிவோடு காணலாம்.

அச்சுத் தொகுதிகளைக் கல்லூரி நூலகம் வாங்க வேண்டுமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கடிதங்களைப் படிப்பதற்காக என்றால் தேவையில்லை. வாசகமும் குறிப்பும் இணையத்திலேயே இருக்கின்றன. ஆண்டு வரிசையில் தொடர்ச்சியாகப் படிப்பதற்கும், பின்னிணைப்புகளைப் பார்ப்பதற்கும் அச்சு வசதியானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் 30 தொகுதிகளின் விலையில் ஓர் ஆய்வு மாணவருக்குப் பல மாத உதவித்தொகை கொடுத்துவிடலாம். ஆய்வேட்டில் மேற்கோள் காட்டுபவர்கள் கடிதத்தின் எண்ணைக் குறித்தாலே போதும். அந்த எண்ணைத் தேடுபெட்டியில் இட்டால் கடிதம் நேரே வந்துவிடும்.

தமிழில் ஒரு வரிகூட இல்லாத தளம் என்பதால் ஆங்கிலம் சரளமாக வராத மாணவர்கள் தயங்கலாம். அவர்களுக்கு என் பரிந்துரை, ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பில் உள்ள சுருக்கத்தை முதலில் படித்துவிட்டு, பிறகு சகோதரிகளுக்கு எழுதியவற்றிலிருந்து தொடங்குவது; அவற்றின் நடை பேச்சுக்கு நெருக்கமானது, கலைச்சொற்கள் குறைவு. ஹென்ஸ்லோவுக்கும் பிற அறிஞர்களுக்கும் எழுதியவற்றை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.